என்ற வண்டிக்கு நானே போட்ட பூட்டு

சன்னலோரம் நீங்களே உக்காந்துக்குங்க தம்பி, பஸ்ஸுல எனக்கு இந்த வெயிலு ஆகாது. கோபி வரைக்குமுங்களா? அப்பச் சரி, நானும் அங்கதான். பேத்திக்கு இன்னிக்கு மொட்டை எடுத்துக் காது குத்தறாங்க, சம்பந்தி ஊட்டுல. எங்க ஊட்டு ஆளுக வெடியாலயே கார்ல போயிட்டாங்க. கார்ல எடம் பத்தலையான்னு பாக்கறீங்க. எடமெல்லாம் தாராளமா இருக்குதுங்க. நான் உக்கார வேண்டிய முன்சீட்டுல சீர்த்தட்டு உக்காந்து போகுது.

வண்டி என்ற பேர்லதான் இருக்குது. ஆர்சி புக்குல வெள்ளியங்கிரின்னு என்ற பேருதான் போட்டிருக்குது. திருப்பூர்ல பனியன் கம்பெனிகளுக்கு அட்டைப்பொட்டி சப்ளை பண்ணி, பொட்டி பொட்டியா அடுக்கி வாங்குன வண்டிங்க. ஆனா அத என்னால எடுத்து ஓட்ட முடியாது. ஸ்டார்ட் பண்ற ரகசியத்த ஊட்டுக்காரி வெச்சிருக்கறா. ஏனுங்க, கட்டுன புருசன்கிட்டயே மறைக்கற பொம்பளைய நீங்க எங்காச்சும் பாத்திருக்கறீங்களா? சிரிக்காதீங்க. முழுசாக் கேட்டுப்போட்டுச் சிரிங்க.

போன வருசம் சித்திரையில என்ற மக சிந்துஜா தலைப்பிரசவத்துக்கு ஊட்டுக்கு வந்திருந்தா. எங்க தெரு ஒரு சந்துங்க. ஊட்டுக்குள்ள கார் நிறுத்த எடமில்ல, வண்டி தெருவுலதான் நிக்கும், ஒரு மரம் மட்டை நெழலு கெடையாது. மத்தியானம் கதவத் தொறந்தா உள்ள அடுப்புதான். சீட்டு பெல்ட்டுல இருக்கற இரும்பத் தொட்டாக் கையி பொத்துப் போகும். ஒரு நாளு செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போறப்ப, புள்ள உள்ள உக்காந்ததும் கண்ணு சொருகிச் சாஞ்சுட்டா. என்ற ஊட்டுக்காரி ருக்குமணி தண்ணியத் தெளிச்சு, முந்தானையில விசிறி, ஒரு வழியாக் கண்ணத் தொறந்தா. அடுத்தவன் ஊட்டுப் பொறுப்பு நம்ம ஊட்டுல இருக்குது, அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா சம்பந்தி மூஞ்சில எப்படி முழிக்கறது. ஒரே புள்ளைங்க எனக்கு. இனி அவ கதவத் தொறக்கறப்ப வண்டி குளுகுளுன்னு இருக்கோணும், வலி வந்தா அப்படியே ஏறிப் போகோணும்னு அன்னைக்கு முடிவு பண்ணுனேன்.

அதுக்குன்னு ஒரு கருவி இருக்குதுன்னாங்க. ரிமோட்ட அமுக்குனா ஆளே இல்லாம வண்டி ஸ்டார்ட் ஆகி ஏசி ஓடுமாம். ஆளு வந்து சாவி போட்டா அப்படியே ஓட்டிட்டுப் போலாமாம். கேட்டதும் எனக்கு ஆசை வந்துருச்சு. அதோட கூடவே பயமும் வந்துருச்சு.

என்ன பயம்னா, எனக்குத் திருட்டுப் பயம் ஒரு நோவாட்ட இருக்குதுங்க. அதுக்கு முந்தியே அந்த வண்டிக்கு டயருக்கு ஒரு இரும்புப் பூட்டு, ஸ்டியரிங்குக்கு ஒரு கம்பி, கியருக்கு ஒரு பூட்டு. கல்யாணத்துக்குப் போறோம்னா சேலை கட்டி, பூ வெச்சு, ருக்குமணி வாசல்ல வந்து நின்னு காப்பியும் குடிச்சு முடிச்சிருவா, நான் இன்னும் பூட்டத் தொறந்துட்டே இருப்பேன். ஒரு தடவ முகூர்த்தம் முடிஞ்சு பந்திக்குத்தான் போய்ச் சேந்தோம். அப்பேர்ப்பட்டவன் ஆளில்லாம வண்டி தானா ஸ்டார்ட் ஆகறதுக்கு ஒத்துக்குவானுங்களா?

கலீல்னு ஒரு தம்பி இருக்கறாப்ல, காருக்குப் பாட்டு, கேமராவெல்லாம் மாட்டற கடை. வாயிலயே பாதி வேலைய முடிச்சிருவாப்ல. போய்க் கேட்டேன். "அதுக்கென்னுங்ணா, காலைல விட்டுப்போட்டுப் போங்க, பொழுதோட எடுத்துக்கலாம்"னாப்ல. எப்படி மாட்டுவீங்கன்னு கேட்டேன். அங்கதானுங்க நான் என்ற புத்திசாலித்தனத்தக் காமிச்சேன்.

"அண்ணா, உங்க சாவிக்குள்ள ஒரு சிப்பு இருக்குது. அது பக்கத்துல இருந்தாத்தான் எஞ்சின் எந்திரிக்கும். கம்பெனிக்காரன் திருட்டுக்குப் பயந்து வெச்சது. இப்ப ஆளில்லாம எந்திரிக்கோணும்னா சிப்பு வேணுமில்லீங்ளா? அதனால உங்க ஸ்பேர் சாவில இருக்கற சிப்பக் கழட்டி டேஷ்போர்டுக்குள்ள ஒளிச்சு வெச்சிருவோம். நெறையப் பேரு அப்படித்தாங்ணா பண்றாங்க."

"அப்ப வண்டி எந்நேரமும் சாவி உள்ளயே இருக்குதுன்னு நெனச்சுக்குமா?"

"ஆமாங்ணா."

"அப்பத் திருடன் வந்து ஒரு ஸ்க்ரூ டிரைவர விட்டுத் திருகுனாப் போதுமாட்ட இருக்குது?"

கலீல் தம்பி தலையச் சொறிஞ்சாப்ல. "அப்படியும் சொல்லலாங்ணா."

"ஏன் தம்பி, ஊட்டப் பூட்டிச் சாவிய மிதியடிக்கு அடியில வெச்சுப்போட்டுப் போறதுக்கு எனக்குப் பூட்டு எதுக்கு?"ன்னேன். இந்த ஒரு கேள்விய நான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேனுங்க. கடைக்காரனையே மடக்குன வெள்ளியங்கிரி. சம்பந்திக்கே போன் போட்டுச் சொன்னேன், பாவம் அவரு வயல்ல தண்ணி கட்டிட்டு இருந்தாரு.

அப்பறம் வேற ஒரு கருவி எடுத்தாப்ல. ரிமோட்ட அமுக்கறப்ப மட்டும் அது சாவி இருக்குதுன்னு வண்டிக்குச் சொல்லுமாம், மத்த நேரம் வாயே தொறக்காதாம். ரிமோட்டுல ஸ்டார்ட் ஆனாலும் கதவு பூட்டியே இருக்கும். சாவி போடாம எவனாச்சும் கண்ணாடிய ஒடச்சு உள்ள பூந்து பிரேக்க மிதிச்சா எஞ்சின் நின்னுரும். கியர் போடற வண்டின்னா இந்த வேலையே பண்ண மாட்டேன், கியர்ல நிக்கற வண்டி தானாப் பாஞ்சு செவுத்துல முட்டிரும்னும் சொன்னாப்ல. நம்முளுது ஆட்டோமேட்டிக்கு, அதனால சரின்னாப்ல. சிப்பும் சாவியிலயே பத்திரமா இருக்குது, ஏசியும் ஓடுது. அதோட நான் எந்திரிச்சு வந்திருந்தா இன்னிக்கு உங்க பக்கத்துல உக்காந்திருக்க மாட்டேன்.

எனக்குப் பத்தலீங்க. "சாவியவே எவனாச்சும் எடுத்துட்டா?"ன்னேன். கலீல் தம்பி என்னை ஒரு மாதிரிப் பாத்துப்போட்டு, என்ற போனுக்குள்ள வண்டியக் கவனிக்கற ஒரு ஆப்ப ஏத்திக் குடுத்தாப்ல. ரிமோட்டு வண்டிக்குள்ள இல்லாம சாவிய மட்டும் போட்டு யாராச்சும் ஸ்டார்ட் பண்ணுனா சைரன் கத்தும், என்ற போனுக்குத் தகவல் வரும். நான் எந்த ஊர்ல இருந்தாலும் ஸ்டாப்ப அமுக்குனா நின்ன எடத்துலயே எஞ்சின் செத்துரும். "அப்ப ரிமோட்டே தொலஞ்சு போச்சுன்னா?"ன்னேன். அதுக்கு ஒரு ரகசிய ஸ்விட்சு வெச்சாப்ல. பானெட்டு தொறக்கற கம்பி இருக்குது பாத்தீங்களா, அதுக்கு மேல கைய மடக்கி உள்ள விட்டா ஒரு மொட்டு தட்டுப்படும். அத அமுக்கிப் புடிச்சா ரிமோட்டு, ஆப்பு, சைரன் எல்லாம் தூங்கிரும். வண்டி பழைய மாதிரி சாவிக்கு ஓடும்.

"இது உங்களுக்கும் ஊட்டுல ஒருத்தருக்கும் மட்டும் தெரிஞ்சாப் போதுங்ணா"ன்னு சொல்லித்தான் சாவியக் குடுத்தாப்ல. ஊட்டுல ஒருத்தருக்குன்னா ருக்குமணிக்குத்தான். அவ வண்டி ஓட்டுவாளுங்க. என்னைய விட நல்லாவே ஓட்டுவா, நான் சந்துல திருப்பறதுக்குள்ள அவ ரோட்டுக்கே போயிருவா. அவகிட்டச் சொல்லோணும்னுதான் வந்தேன். வாசல்ல சென்னியப்பன் உக்காந்திருந்தான்.

சென்னியப்பன் அவ தம்பிங்க, என்ற மச்சினன். அதுக்கு முந்துன வருசம் அக்காகிட்ட ஸ்பேர் சாவிய வாங்கி வண்டிய எடுத்துட்டுப் பழனிக்குப் போயிட்டு வந்தான். பஞ்சாமிருத டப்பாவப் பின்சீட்டுல கவுத்துட்டான். தொடச்சுட்டேன் மாமான்னான். என்னத்தத் தொடச்சான், மாசக் கணக்கா நான் எறும்போடதான் வண்டி ஓட்டுனேன். பேங்க் மேனேஜரு ஒரு தடவ நம்ம வண்டில ஏறுனவரு பாதி வழில எறங்கி வேட்டிய உதறுனாரு. அதனால திருடன்னு நான் சொல்றப்ப என்ற மனசுல வர்ற மொகம் சென்னியப்பன் மொகந்தானுங்க. ருக்குமணிக்குச் சொன்னா அவனுக்குப் போயிரும். அவனுக்குப் போனா வண்டி பழனிக்குப் போயிரும்.

"இதுல நான் தெரிஞ்சுக்க வேண்டியது எதாச்சும் இருக்குதுங்களா?"ன்னு அவளே கேட்டா. "ஒண்ணுமில்ல, ரிமோட்ட அமுக்கு போதும்"னு சொல்லிட்டேன்.

அப்பறம் ஒரு வாரம் நான் பண்ணுன ரவுசு இருக்குது பாருங்க. பொழுதோட மாடியில நின்னுட்டு ரிமோட்ட அமுக்குவேன். கீழ வண்டி உறுமும். எதுத்தாப்ல பாக்கியம்னு ஒரு அம்மா இஸ்திரி வண்டி வெச்சிருக்குது, அது மொதல் நாளு துணியப் போட்டுப்போட்டு எந்திரிச்சு நின்னுருச்சு. "ஏனுங்ணா, வண்டிக்குள்ள எதாச்சும் காத்து கருப்பு பூந்துருச்சுங்களா"ன்னுச்சு. நான் எறங்கி வந்து வெளக்கம் சொன்னேன். சிப்பு, கருவி, ஆப்பு, எல்லாம். "அப்பத் திருடவே முடியாதுங்ளா"ன்னுச்சு. "முடியவே முடியாது. ஒரே ஒரு வழிதான் இருக்குது, அதையும் யாருகிட்டயும் சொல்லிராத"ன்னு சொல்லி, கதவத் தொறந்து அந்த மொட்டக் காமிச்சேன்.

மேல் ஊட்டு வாத்தியாருக்குக் காமிச்சேன். முக்குல டீக்கடைக்காரருக்குக் காமிச்சேன், அவரு கடைய விட்டுப்போட்டு வந்து பாத்தாரு. ரகசியம்னு ஒண்ணு இருந்தா அது நம்மகிட்ட இருக்குதுன்னு நாலு பேருக்குத் தெரியோணுமில்லீங்க? சும்மா உள்ளயே வெச்சுட்டிருந்தா எவன் மதிக்கறான். எல்லாருகிட்டயும் யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு மறக்காமச் சொன்னேனுங்க. அதுல ஒரு கொறையும் வெக்கல. அவங்களும் நல்லவங்க, யாருகிட்டயும் சொல்லல. ருக்குமணிகிட்டக் கூடச் சொல்லல.

அப்பறம் ஒரு ஞாயித்துக்கெழம காங்கயம் பக்கத்துல பங்காளி ஊட்டுக் கெடா விருந்து வந்துச்சு. நான் வண்டிய எடுக்கலீங்க. புள்ளைக்கு நாளு நெருங்கிருச்சு, அவசரத்துக்கு வண்டி ஊட்டுலயே நிக்கட்டும்னு விட்டுட்டு சென்னியப்பனோட டெம்போல ஏறிப் போனேன். எப்பேர்ப்பட்ட பொறுப்பான அப்பன் பாத்தீங்களா. வண்டிய விட்டுட்டுப் போனேன். ரிமோட்ட மட்டும் சட்டைப் பாக்கெட்டுல போட்டுட்டுப் போயிட்டேன்.

பந்தியில உக்காந்தாச்சு. சோத்த வெச்சுக் கொழம்பு ஊத்தறாங்க, போனு கத்துச்சு. எடுத்துப் பாத்தா ஆப்புல செவப்பு எழுத்து, அனுமதி இல்லாம வண்டிய ஸ்டார்ட் பண்றாங்கன்னு. பயந்துதான் போனேன். ஆனா உள்ளுக்குள்ள ஒரு சந்தோசமும் இருந்துச்சு, அதையும் சொல்லிர்றேன். இத்தனை வருசமாக் காத்துட்டு இருந்த திருடன் கடைசில வந்துட்டான். மொதல்ல பக்கத்துல திரும்பிப் பாத்தேன். சென்னியப்பன் எலும்பக் கடிச்சிட்டிருந்தான். அப்ப இது நெசமாலுமே வெளியாளுதான்னு முடிவு பண்ணிட்டேன்.

சோத்துக் கைய மடக்கிட்டு எடது கையில ஸ்டாப்ப அமுக்குனேன். நின்னுருச்சுன்னு வந்துச்சு. "என்னுங் வெள்ளியங்கிரி?"ன்னு எதுத்த பந்தியில கேட்டாங்க. "ஒண்ணுமில்லீங்க, திருப்பூர்ல என்ற வண்டிய ஒருத்தன் திருடிட்டிருக்கறான், இங்கிருந்தே நிறுத்திட்டு இருக்கறேன்"னேன். பந்தி முழுக்கக் கை நின்னுருச்சுங்க. பரிமாறுற ஆளு வாளியோட என்ற பின்னாடி வந்து நின்னு எட்டிப் பாக்கறாரு. மறுக்கா கத்துச்சு. மறுக்கா அமுக்குனேன். "விடாதீங்க"ன்னு ஒரு பெரியவரு சத்தம் போடறாரு.

அப்ப ருக்குமணி கூப்புட்டா. கட் பண்ணிட்டேன். ஏன்னு கேளுங்க. அவ எதுக்குக் கூப்புடுவா? திருடன் வந்துட்டான்னு சொல்றதுக்கு. அதுதான் அவளுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சு போச்சே. அவ கூப்புட்டா ஆப்பு மறைஞ்சு போயிருது, ஸ்டாப்ப அமுக்க முடியல. மறுபடி கூப்புட்டா, மறுபடி கட் பண்ணுனேன். "மாமா, அக்கா போன எடுங்"ன்னான் சென்னியப்பன். "நீ சோத்தத் தின்னு, உனக்கு இதெல்லாம் வெளங்காது"ன்னேன்.

மறுபடி ஸ்டார்ட் பண்ணுனான் திருடன், மறுபடி நிறுத்துனேன். அப்பறம் திடீர்னு ஆப்பு வெளுத்துப் போச்சு. வண்டியோட தொடர்பே இல்லைன்னு வருது. "ஒயர அறுத்துட்டான்"னு கத்திட்டேன். பந்தியே எந்திரிச்சுருச்சு. நான் போலீசுக்கு அடிக்கலாம்னு நம்பரப் போடறேன், சென்னியப்பன் போனு அடிக்குது. எலையில கறி இருக்கறப்ப எந்திரிக்கற ஆளு இல்லீங்க அவன். எந்திரிச்சுட்டான். கேட்டுப்போட்டு என்னையப் பாத்துச் சொன்னான், "மாமா, திருடன் எங்க அக்காதானுங். சிந்துஜாவுக்கு வலி எடுத்துருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருக்கறாங்க"ன்னான்.

அப்பறம் விடாதீங்கன்னு சத்தம் போட்ட பெரியவரே கேட்டாரு, "அப்ப இவ்வளவு நேரம் பிரசவ வண்டியவா நிறுத்திட்டிருந்தீங்க?"ன்னு. நான் கையக் கூடக் கழுவலீங்க. அப்படியே டெம்போல ஏறிட்டேன். வழியெல்லாம் சென்னியப்பன் என்னையத் திட்டாம டெம்போவ வெரட்டிட்டே வந்தான். திட்டியிருந்தாக் கூட எனக்கு ஆறுதலா இருந்திருக்கும்.

தெருவுல என்ன நடந்துச்சுன்னு பாக்கியம்தான் பொறகு சொல்லுச்சு. புள்ளையப் பின்சீட்டுல படுக்க வெச்சுட்டு ருக்குமணி சாவியப் போட்டிருக்கறா. எஞ்சின் எந்திரிக்குது, சைரன் கத்துது, எஞ்சின் சாகுது. மறுபடி எந்திரிக்குது, மறுபடி சாகுது. எஞ்சின் இல்லைன்னா ஏசியும் இல்லீங்க. எந்தப் புள்ள வேகக் கூடாதுன்னு அதெல்லாம் மாட்டுனனோ, அந்தப் புள்ள அந்த வண்டிக்குள்ளயே வெந்துட்டு, "அம்மா, அப்பாவக் கூப்புடும்மா, அப்பாவக் கூப்புடும்மா"ன்னு அழுதிருக்கறா. ருக்குமணி கூப்புட்டுட்டுத்தான் இருந்திருக்கறா. நான் கட் பண்ணிட்டு இருந்திருக்கறேன்.

தெருவே கூடிருச்சு. பாக்கியம் இஸ்திரிப் பொட்டிய நிமித்தி வெச்சுப்போட்டு ஓடியாந்து, "அக்கா, அந்த மொட்ட அமுக்குங்"ன்னுருக்குது. "எந்த மொட்டு?"ன்னு இவ கேட்டிருக்கறா. மேல இருந்து வாத்தியாரு, "பானெட்டுக் கம்பிக்கு மேலம்மா"ங்கறாரு. முக்குல இருந்து டீக்கடைக்காரரு, "கைய மடக்கி விடோணுங்"கறாரு. இவ ஒவ்வொருத்தரு மொகமாப் பாத்திருக்கறா. அப்பறம் பாக்கியமே கைய விட்டு அமுக்கி விட்டிருக்குது. வண்டி போயிருச்சு.

நாங்க ஆஸ்பத்திரிக்குள்ள போறப்பவே கொழந்த பொறந்துருச்சுங்க. தாயும் சேயும் நல்லா இருக்கறாங்கன்னு நர்சம்மா சொன்னதுக்கு அப்பறந்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. ருக்குமணி பெஞ்சுல உக்காந்திருந்தா, மடியில பேத்தி. எந்திரிச்சு வந்து என்ற கையில குடுத்தா. கொழம்பு வாசத்தோட அந்தக் கையில வாங்குனேன். அப்பறம் மெதுவாக் கேட்டா.

"ஏனுங்க, அந்த ஸ்விட்சு திருடனுக்குத் தெரியக் கூடாதுன்னுதான வெச்சீங்க?"

"ஆமா."

"பாக்கியத்துக்குத் தெரியுது. வாத்தியாருக்குத் தெரியுது. டீக்கடைல தெரியுது. எனக்குத் தெரியல. அப்பத் திருடின்னு யாரைங்க நெனச்சீங்க?"

தப்புத்தான் ருக்குமணின்னு சொல்லியிருக்கலாம். மறந்துட்டேன்னு ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? பேத்தியக் கையில வெச்சுட்டு, "உன்ற தம்பி பஞ்சாமிருதத்தக் கொட்டிட்டான்ல"ன்னேன். அவன் அங்கயேதான் நின்னுட்டிருந்தான், என்னையக் கொண்டாந்து சேத்தவன். ருக்குமணி பேத்தியத் திருப்பி வாங்கிட்டா.

சண்ட போடலீங்க அவ. சோறு போட்டா, காப்பி குடுத்தா, மாத்திர சாப்புட்டீங்களான்னு கேட்டா. புள்ள தேறி எந்திரிச்சதும் ஒரு நாளு வண்டிய எடுத்துட்டு அவளே கலீல் கடைக்குப் போனா. பொழுதோட திரும்பி வந்தா. அடுத்த நாளு நான் போய் ரிமோட்ட அமுக்குனேன், ஏசி ஜம்முனு ஓடுது. சாவியப் போட்டுக் கெளப்புனா எஞ்சின் நின்னுருது. பழைய எடத்துல கைய விட்டேன், வெறும் ஓட்டைதான் இருக்குது, ஸ்விட்ச வேற எங்கயோ மாத்தி வெச்சுட்டா. இப்ப ரிமோட்டு இருந்தாலும் அந்த ஸ்விட்ச அமுக்குனாத்தான் வண்டி நகரும். ஆப்பும் அவ போனுக்குப் போயிருச்சு.

ரகசியமாத் தேடிப் பாத்தேன். மிதியடியத் தூக்கிப் பாத்தேன், சீட்டுக்கு அடியில படுத்துப் பாத்தேன், டார்ச்சடிச்சுப் பாத்தேன். எதையோ தொட்டுச் சைரன் கத்தித் தெரு கூடிருச்சு. என்ற காலு ரெண்டும் கதவுக்கு வெளிய நீட்டிட்டு இருக்குது, பாக்கியம் சிரிக்குது. "உனக்குத் தெரியுமா?"ன்னு அதுகிட்டயே கேட்டேன். "நெசமாத் தெரியாதுங்ணா, அக்கா சொல்லல"ன்னுச்சு. வாத்தியாருக்கும் தெரியல, டீக்கடைலயும் தெரியல. கலீல் தம்பி, "அக்காகிட்டக் கேளுங்ணா"ன்னு கும்பிடு போட்டுட்டாப்ல. வெக்கத்த விட்டுச் சென்னியப்பன்கிட்டயும் கேட்டேன். "அக்கா எனக்குச் சொல்லல மாமா. நான் எதுக்குக் கேக்கறேன்?"ன்னான். தம்பிக்கே சொல்லலீங்க அவ. இப்பத்தான் அந்த வண்டிக்கு நெசமான பாதுகாப்பு வந்திருக்குது. நான் அத்தன கருவி வாங்கியும் வராத பாதுகாப்பு.

என்னுங்க? நீங்களே கேட்டுற வேண்டியதுதானன்னு சொல்றீங்களா?

அது வந்துங்க... மொதல்ல அவ எங்கிட்ட மறைக்கறான்னு உங்ககிட்டச் சொன்னேன் பாருங்க, அது அப்படி இல்லீங்க. கலீல் கடையில இருந்து வந்த அன்னைக்கே வாசல்ல நின்னுட்டு அவ கூப்புட்டா. "வாங்க, எங்க வெச்சிருக்குதுன்னு காட்டறேன்"னா. டிரைவர் பக்கத்துக் கதவத் தொறந்து புடிச்சுட்டு நின்னா. நான் கம்பெனில சோலி இருக்குதுன்னு சொல்லிப்போட்டுச் செருப்ப மாட்டிட்டு நடந்துட்டேன். அப்பறமும் கூப்புட்டிருக்கறா. இன்னிக்கு வெடியாலயும், "முன்னாடி உக்காருங்க, தட்டப் பின்னாடி வெச்சுக்கலாம்"னா. நாந்தானுங்க, நான் பஸ்ஸுல வர்றேன், நீ போன்னு சொன்னேன்.

போய் உக்காந்தா, என்ற கண்ணு முன்னாடியே கைய விட்டு அமுக்குவாளுங்க. ஒரு நிமிசம் யோசிக்க மாட்டா. நான் அவகிட்ட அத்தன நாளு சொல்லாம வெச்சிருந்தத, அவ ஒண்ணுமே நடக்காதவளாட்ட அப்படிக் காட்டிருவா. அதப் பாத்துப்போட்டு, கோபி வரைக்கும் அவ பக்கத்துல நான் எப்படீங்க உக்காந்து போறது?